பிளேடின் வலது கை

"சூடுங்க, பார்த்து!" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் புருஷன் டீ கப்பை வாங்கிவிட்டார். அதுவும் வலது கையால்.

அவள் பதறிப்போனாள். ஆனால் கப் விழவில்லை, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவளோ தன் காகிதக் கப்பை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தாள். அவர் தன்னுடையதை வாகாகச் சுற்றிப் பிடித்தபடி ஆஸ்பத்திரி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்ன முழிக்கிற? கை சரியாயிடுச்சுன்னு நான் சொன்னப்ப நம்புனியா நீ?"

"இப்ப நம்புறேங்க."

அச்சகத்தில் அவருக்குப் பெயர் பிளேடு. காகிதக் கட்டுகளை வெட்டுகிற கட்டிங் மெஷின் அவர் பொறுப்பு என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உண்மையான காரணம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து விழுந்ததில் முழங்கையில் நரம்பு அறுந்துபோனது. காயம் ஆறியது, விரல்கள்கூட மடங்கி நீண்டன. தொட்டால் மட்டும் தெரியவில்லை. உணர்ச்சி இல்லாத கையை எந்த முதலாளி கத்திக்குப் பக்கத்தில் விடுவார்? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது.

சும்மா சொல்லக் கூடாது, தொகை தவறாமல் வந்தது. மனுஷன்தான் காணாமல் போனார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயந்திரம்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடுகிறீர்களா என்றால் ஒரு 'ம்'. வெளியே போய்விட்டு வரலாமா என்றால் அதுவும் கிடையாது.

முதலில் அவள் அழுதாள். அப்புறம் சண்டை போட்டாள். அப்புறம் இரண்டையும் விட்டுவிட்டுச் சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள், படுத்தாள். கை ஒன்றுதான் மரத்துப்போனது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவளுக்கு வீடே மரத்துப்போன மாதிரிதான் இருந்தது.

போன வாரம் அச்சகத்து சூப்பர்வைசர் போன் செய்தார். "பிளேடு, உன் மெஷினுக்குப் புது ஆள் பார்க்கச் சொல்லிட்டாருப்பா முதலாளி. கையில உணர்ச்சி வந்துடுச்சுன்னு அரசாங்க டாக்டர் எழுதிக் குடுத்தா திங்கட்கிழமையே வந்து நில்லு. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

போனை வைத்தவர் அவள் பக்கம் திரும்பினார். "நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். கொஞ்ச நாளாவே விரல்ல சுருக்சுருக்குனு இருக்கு."

அன்றைக்குப் பேச ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

"என்ன சார், தொகையை ஏத்திக் கேட்டு வந்தீங்களா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் கேட்டார். அவர் மடியில் ஊன்றுகோல் கிடந்தது.

"இல்லைங்க. கை சரியாயிடுச்சுன்னு எழுதி வாங்கி, நிறுத்தச் சொல்லி வந்தேன்."

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க வர்றவன்ல பாதிப் பேரு நல்ல காலையே இழுத்து இழுத்து நடந்து காட்டுறான். நீங்க என்னடான்னா வர்றதை வேண்டாங்கிறீங்க! ஒரு தடவை நிறுத்திட்டா திரும்ப வாங்க நாயா அலையணும், தெரியுமில்ல?"

"ரெண்டு வருஷம் ஒரே நாற்காலியில உட்கார்ந்து பாருங்க, அப்பத் தெரியும்," என்றார் இவர்.

அதோடு விட்டாரா? ஈரம் பட்ட காகிதம் கத்திக்கு எப்படி அடங்காது, கட்டுகளை எப்படித் தட்டி அடுக்க வேண்டும், கத்தி மழுங்கினால் எப்படிச் சத்தம் மாறும் என்று பிடித்துக்கொண்டார். டிரைவர் முதலில் தலையாட்டினார், பிறகு கொட்டாவி விட்டார், கடைசியில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்கே போய்விட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான், தனக்கு இன்னும் சிரிக்கத் தெரியும் என்பதே ஞாபகம் வந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அவளைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் அழைத்துப் போனார்.

"கையை மேஜை மேல வெச்சு, கண்ணை நல்லா மூடிக்கோங்க. ஒவ்வொரு விரலா ஊசியால குத்துவேன். வலிச்சா உடனே சொல்லணும். கத்திகிட்ட செய்யிற வேலை, நல்லாத் தெரிஞ்சாத்தான் எழுதிக் குடுப்பேன்."

"சரிங்க டாக்டர்."

திரைக்கு அந்தப் பக்கம் டிராயர் ஒன்று திறந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொகை போனால் போகட்டும். இந்த மனுஷன் மறுபடியும் அந்த நாற்காலிக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும்.

"ஸ்ஸ்... வலிக்குதுங்க."

அவள் கண்ணில் பொசுக்கென்று தண்ணீர் முட்டியது. புருஷனுக்கு வலிக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்படுகிற பெண்டாட்டி இந்த உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ம்... இதுவும் வலிக்குது. ஐயோ, இது ரொம்பவே வலிக்குது டாக்டர்!"

பிறகு டாக்டரின் குரல் மெதுவாகக் கேட்டது.

"கண்ணைத் திறங்க சார். நான் இன்னும் குத்தவே ஆரம்பிக்கல."