சுவரில் சிரிப்பவள்

ரேஷன் கடைச் சுவரில் சிவக்கொழுந்து ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘என் மகனைப் போருக்குத் தந்தேன். நீங்கள்?’ என்று காலடியில் கொட்டை எழுத்து. அந்தச் சுவரோரமாக, மண்ணெண்ணெய் வரிசையில், அசல் சிவக்கொழுந்து காலி டின்னோடு விடியற்காலையிலிருந்து கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். இந்தச் சுவரொட்டிக்காகப் படம் பிடிக்க வந்த அதிகாரி எவ்வளவு கெஞ்சியும் அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் அவர், “உங்க பையனுக்கு லீவு கெடச்சிருச்சும்மா, வெள்ளிக்கிழமை வர்றான்” என்றார். அவள் சிரித்துவிட்டாள். கேமரா அதற்காகத்தான் காத்திருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. அவனுடைய கடிதமும் நின்றுவிட்டது.

முன்னால் நின்றவள் சுவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, அது நீங்கதானே? எம் புள்ள பேரு குடுத்துட்டு வந்து நின்னான். மாட்டவே மாட்டேன்னேன். இந்த மொகத்தப் பாத்துட்டுத்தான் சரின்னேன். இன்னிக்கு லாரியில ஏத்துறாங்க.” குரல் தாழ்ந்தது. “அனுப்பிட்டு எப்படிக்கா இப்படிச் சிரிக்க முடிஞ்சுது?”

வரிசை நகர்ந்தது. சிவக்கொழுந்து டின்னைக் கீழே வைத்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

“லாரி எத்தன மணிக்கு?” என்றாள்.