சத்தம் போடும் தரை

"இதுல எது அதிகமா சத்தம் போடும்?"

தரை போடும் சாமான் கடையில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் முதலாளியம்மாவிடம் யாருமே கேட்காத கேள்வி அது.

"சத்தம் வராததைத்தானே சார் எல்லாரும் கேப்பாங்க?"

"எனக்கு வரணும்."

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு சாவிக்கொத்து. உள்ளே நுழைந்ததிலிருந்து ஒவ்வொரு மாதிரிப் பலகையாகக் குனிந்து, சாவியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், தர்பூசணி வாங்க வந்தவர் மாதிரி.

ஆளைப் பார்த்தால் மறை கழன்றவராகத் தெரியவில்லை. முதலாளியம்மாவுக்கு சுவாரசியம் பிடித்துக்கொண்டது. நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"இங்க இருக்கறது எல்லாமே பார்க்க மரம் மாதிரிதான் இருக்கும். இது வினைல், ஒரு மாதிரி பிளாஸ்டிக். தண்ணி கொட்டினாலும் கவலையில்லை. காலுக்கு மெத்துனு இருக்கும். ஆனா, வெயில் நேரா விழுந்தா நிறம் மங்கும். பீரோவை இழுத்தா கோடு விழும்."

தட்டினார். 'தப்' என்றது. வந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஊமை."

"அப்ப டைல்ஸ் பாருங்க. மரத்தோட வரி, கணு எல்லாம் அச்சு அசலா இருக்கும். ஆயுசுக்கும் உழைக்கும். ஆனா, காலையில கால் வச்சா ஜில்லுனு ஏறும். கண்ணாடி டம்ளர் விழுந்தா கதை முடிஞ்சுது."

தட்டினார். 'டிங்' என்றது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இதை நாளைக்குள்ள போட்டுட முடியுமா?"

"நாளைக்கா? பழைய தரையைக் கொத்தணும், ஒட்டணும், காயணும். பத்து நாளாவது ஆகும்."

"ஆகாது."

"அப்ப லேமினேட்தான். மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை. ஒண்ணோட ஒண்ணைக் கோத்து ஒரே நாள்ல முடிச்சுடலாம். நிஜ மரமே தோத்துடும். என்ன, தண்ணி ஊறினா உப்பிக்கும். நடந்தா டொக் டொக்குனு கேக்கும். அதுக்குத்தான் அடியில ஃபோம் விரிக்கிறோம்."

தட்டினார். மறுபடி தட்டினார்.

"ஃபோம் இல்லாமப் போட்டா?"

"கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

"வருவாங்கல்ல?" அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "அப்ப இதுதாம்மா. ஃபோம் வேண்டாம்."

முதலாளியம்மாவுக்குச் சுருக்கென்றது.

"கீழ்வீட்டுல யாரு சார் இருக்காங்க?"

"ஒரு அம்மா. எழுபது தாண்டியாச்சு. ஒண்டிக்கட்டை. நான் ஒரு ஸ்பூனைக் கீழே போட்டாப் போதும், துடைப்பக் கட்டையால அவங்க வீட்டுக் கூரையை இடிப்பாங்க. ஆறு வருஷத்துல என் மேல பதினோரு புகார். மாடிப்படியில பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க."

முதலாளியம்மாவின் வீட்டுக்கு மேலேயும் ஒரு குடும்பம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பந்து விளையாடுவார்கள், நேராக அவர் தலைக்கு மேலே. பொங்கிக்கொண்டு வந்தது. பலகையை வாங்கி அதன் இடத்தில் வைத்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். ஃபோம் இல்லாம இந்தப் பலகை என் கடையை விட்டுப் போகாது."

"ஏம்மா?"

"அவங்க வயசென்ன, உங்க வயசென்ன? அந்தம்மா துடைப்பத்தை எடுத்தாங்கன்னு நீங்க தரையையே ஆயுதமா எடுப்பீங்களா? வயசான காலத்துல தனியா இருக்கறவங்க தலை மேல ஏறி நின்னு தாளம் போடணுமா?"

அவர் கோபப்படவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"போன வருஷம் நானும் இப்படித்தாம்மா நினைச்சேன். பாவம், வயசானவங்கன்னு வீடு முழுக்கக் கெட்டியாக் கம்பளம் வாங்கிப் போட்டேன். இடி நின்னுபோச்சு. அப்பாடான்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"இந்த மாச ஆரம்பத்துல அவங்க குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. எழுந்திருக்க முடியாம ஒன்றரை நாள் அங்கேயே கிடந்திருக்காங்க. நேர் மேலே நான் காலை நீட்டிக்கிட்டு டிவி பார்த்திருக்கேன். தண்ணி மீட்டர் பார்க்க வந்தவர் முனகல் சத்தம் கேட்டு ஆளைக் கூப்பிடலைன்னா..."

முதலாளியம்மா திருப்பி வைத்த பலகையை அவர் மறுபடி கையில் எடுத்தார்.

"நாளன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வர்றாங்க."

முதலாளியம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "தினமும் போய்க் கதவைத் தட்டி ஒரு வார்த்தை விசாரிச்சுடலாமே சார்?"

"ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தேன். 'என்னை விசாரிக்க நீ யாரு?'ன்னு விரட்டிட்டாங்க. ரோஷக்காரங்க. அக்கறையாப் போனா கதவு திறக்காது. சண்டை போட்டாத்தான் எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே."

முதலாளியம்மா ஆர்டர் புத்தகத்தைப் பிரித்தார். 'லேமினேட், நாளை காலை' என்று எழுதினார். அதற்குக் கீழே 'ஃபோம் கூடாது' என்று எழுதி, இரண்டு கோடு போட்டார்.

"ஆனா தினமும் திட்டுவாங்களே சார்?"

"திட்டட்டும்மா. காலையில ஏழு மணிக்கு ஷூவை மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நாலு நடை நடப்பேன். கீழேயிருந்து இடி வந்தா, நிம்மதியா ஆபீஸுக்குப் போவேன். வரலைன்னா, பூட்டை உடைக்கப் போவேன்."