வான்கோழிக் குஞ்சுத் தீவனம்

உள்ளே வந்தவனைப் பார்த்து, என்ன வேண்டும் சார் என்று கேட்டாள் தீவனக் கடைக்காரி.

தாலி கட்டிக் குடும்பம் நடத்தியவனை சார் என்று கூப்பிடும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்துவிடாது.

சிரிக்கலாமா வேண்டாமா என்று அவன் ஒரு கணம் முழித்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அந்த நிமிர்த்தல் அவளுக்குப் பழக்கம். ஒன்றும் தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேசப்போகிறான் என்று அர்த்தம்.

வீட்டில் வான்கோழிக் குஞ்சு வாங்கியிருக்கிறார்களாம். கூடவே கொஞ்சம் கோழிக்குஞ்சும். எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில். அடியில் செய்தித்தாள் விரித்திருக்கிறானாம், சுத்தமாக இருக்கட்டும் என்று.

வழுக்கும் தாளில் ஊன்றி நிற்க முடியாமல் குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் அகன்றுவிடும். யார் வந்து கேட்டாலும் அவள் முதலில் சொல்வது இதைத்தான். கோழியையும் வான்கோழியையும் ஒன்றாகப் போடாதீர்கள், கோழி சுமந்துகொண்டு திரிகிற நோய் வான்கோழியைக் கொன்றுவிடும் என்பது அடுத்தது.

அவனிடம் இரண்டையும் சொல்லவில்லை.

வேறு தீவனக் கடை இல்லாமல் இல்லை. இங்கே வந்து நிற்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். நன்றாக இருக்கிறேன் பார் என்று காட்டிவிட்டுப் போக வந்திருப்பான். அந்த வீட்டிலிருந்து இதற்காகவே தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பான்.

அந்த வீடு. அங்கே இருக்கிறவளைப் பற்றி அவள் நினைப்பதில்லை. நினைக்க வேண்டி வந்தால் இந்த இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வாள்.

அவன் கடையைச் சுற்றி வந்தான். தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிறவன்போல மூட்டைகளைத் தட்டினான். குஞ்சுப் பெட்டிக்கு அடியில் பரப்புகிற மரச்சீவலை ஒரு கை அள்ளி, சொரசொரவென்று இருக்கிறது, குஞ்சுக்குக் குத்தும் என்றான். மாட்டுக்கொட்டகையில் ஈரம் இழுக்கப் போடுகிற மரத்தூள் பக்கத்தில் இருந்தது. அதில் கையை விட்டு, மெத்தை மாதிரி இருக்கிறது, இதுதான் சரி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

மெத்தைதான். குஞ்சு அதைத் தீனி என்று நினைத்துக் கொத்தித் தின்னும். வயிறு அடைத்துச் சாகும்.

அடுத்து தீவனம். கறிக்கோழித் தீவன மூட்டைமேல் கையை வைத்தான். கோழி என்ன, வான்கோழி என்ன, எல்லாம் இறக்கை முளைத்த ஜென்மம்தானே என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டான்.

அந்த மூட்டையில் கலந்திருக்கும் மருந்து கோழிக்கு நல்லது. வான்கோழிக்கு விஷம். காலை இழுத்துக்கொண்டு படுத்தால் எழுந்திருக்காது. வான்கோழிக் குஞ்சுக்கென்று சத்துக் கூடிய தீவனம், அந்த மருந்து சேராதது, உள்ளறையில் தனியாக இருந்தது. தெரியாமல் மாற்றி எடுத்த எத்தனையோ பேரை வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, நாலு திட்டுத் திட்டி, அதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

இப்போது, நல்லதாகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள் சார் என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது. பாராட்டை யார் எறிந்தாலும் ஓடி வந்து கவ்வுகிற முகம். இந்த முகத்துக்காகவா சோறு இறங்காமல் அழுதுகொண்டு கிடந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அவள்மேலேயே இளக்காரம் வந்தது.

மூட்டைகளை அவளே வாசல்வரை இழுத்துக் கொடுத்தாள். வண்டியின் பின்னால் ஏற்றிக் கட்டத் தொடங்கினான். ஒரு முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியவில்லை.

சாகட்டும். பெட்டியோடு செத்துக் கிடக்கட்டும். அந்த வீட்டிலும் ஒருநாள் யாராவது உட்கார்ந்து அழட்டும்.

கயிற்றோடு மல்லுக்கட்டியபடி, திரும்பிப் பார்க்காமல் அவன் சொன்னான்.

“நானா ஒண்ணும் வரல. உன் தங்கச்சிதான் அனுப்புனா. ‘நீங்க அங்க போய் வாயத் தொறக்காதீங்க. அக்கா எதை எடுத்துக் குடுக்குதோ அதை மட்டும் வாங்கிட்டு வாங்க, கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்’னா.”



காய்ச்சலில் கிடந்த அக்காவுக்கு ஒத்தாசையாக வந்து தங்கியவள். அக்கா எழுந்து நடமாடத் தொடங்கியபோது அக்காவின் புருஷனோடு போனவள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அனுப்பியதில்லை. முதல்முறையாக அனுப்பிய வார்த்தையையும் இந்த மனுஷன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, கடை முழுக்க அளந்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில் எடுத்துக் கொடுக்கிறான்.

கண்ணை மூடிக்கொண்டு போடலாமாம்.

அவள் படியிறங்கினாள். அவன் கையைத் தட்டிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். கறிக்கோழித் தீவனத்தைக் கீழே தள்ளினாள். மரத்தூளையும் தள்ளினாள். உள்ளறைக்குப் போய் வான்கோழிக் குஞ்சுத் தீவனத்தைத் தோளில் தூக்கி வந்து வைத்தாள். திரும்பிப் போய்ச் சீவல் மூட்டையைக் கொண்டுவந்தாள். அவிழாதபடி இறுக்கிக் கட்டினாள்.

தான் எடுத்தது நல்லதுதானே என்று அவன் இழுத்தான்.

“மூட்டை மாறிப்போச்சு” என்றாள். அவன் நம்பினான். அவன் எதையும் நம்புவான்.

தாளை எடுத்துவிட்டுச் சீவலைக் கனமாகப் பரப்ப வேண்டும், வான்கோழிக்குத் தனிப் பெட்டி வேண்டும் என்று சொன்னாள். தனிப் பெட்டி எதற்கு என்று அவன் வாயெடுத்தான். அவள் காதில் வாங்கவில்லை.

“புதுசா வந்த குஞ்சுக்குத் தின்னத் தெரியாது. தீனியில விரலால தட்டித் தட்டிக் காட்டணும்னு சொல்லுங்க. அவளே காட்டட்டும். நீங்க அந்தப் பக்கமே போக வேணாம்.”