உள்ளடுக்கு

ஸ்டோர்கீப்பர், ஆடிட்டுக்கு வந்த பையனின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, ஓர் அட்டைப்பெட்டியின் மேல் பத்திரமாக வைத்தான். ஏதோ தூசி துடைத்துக் கொடுக்கப் போகிறான் என்றுதான் குடோனின் மறுகோடியில் நின்றிருந்த ஆடிட் மேடம் நினைத்தார்.

பளார் என்று ஓர் அறை விழுந்தது.

"எதுக்குடா வந்தே இங்க? உங்க ஆபீஸ்ல வேற ஆளே கிடைக்கலையா?"

அடுத்து விழுந்த அறையில் பையனின் உதடு கிழிந்தது. தடுமாறி ஏணியில் மோதி, ஏணியோடு சேர்ந்து விழுந்தான். மேடம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் முறைத்தவர்களைப் பார்த்திருக்கிறார், அழுதவர்களைப் பார்த்திருக்கிறார். கை நீட்டியவனைப் பார்த்ததில்லை.

பையன் இன்னும் படிப்பையே முடிக்கவில்லை. வாரத்தில் பாதி நாள் கல்லூரி, மீதி நாள் ஆடிட் ஆபீஸ். மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு, வேலையைச் சரியாகச் செய்தால் பட்டத்துக்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆபீஸில் அவனுக்குப் பெயரே 'காலேஜ்'தான்.

அன்றைக்கு ஸ்டாக் எண்ண வர வேண்டியவளுக்குக் காய்ச்சல். கையில் கிடைத்த காலேஜைக் காரில் ஏற்றினார் மேடம்.

"மேடம், எனக்கு வேற இடம் குடுங்களேன்" என்று இழுத்தான்.

"ஸ்டாக் எண்ணப் போகணும்னா உங்களுக்கெல்லாம் இடுப்பு பிடிச்சுக்கும். ஏசி ரூம்ல உக்காந்தே ஆடிட்டர் ஆயிடலாம்னு நினைப்பா?" என்று ஒரு பிடி பிடித்தார். அப்புறம் வழி நெடுக வழக்கமான பாட்டைப் பாடினார். "டீயைத் தவிர எதையும் வாங்கக் கூடாது. சொந்தம் பந்தம்னு அங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிடணும். பின்னால தெரிஞ்சா இங்க வேலையும் போகும், காலேஜ்ல வருஷமும் போகும். முக்கியமா, பெட்டிகளைக் கீழ நின்னு எண்ணக் கூடாது. மேல ஏறிப் பார்க்கணும், புரியுதா?"

காலேஜ் ஜன்னல் பக்கம் திரும்பித் தலையாட்டி வைத்தான்.

மேலே ஏறியதுதான் வினையாகப் போயிற்று. மின்விசிறிப் பெட்டிகளை நான்கு பக்கமும் சுவர் மாதிரி அடுக்கிவிட்டு, நடுவே ஒன்றுமே இல்லாமல் விட்டிருந்தார்கள். பையன் அதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, பேனாவைத் திறந்தான்.

"முழுசா இருக்குன்னு எழுதிட்டுக் கிளம்பு" என்று ஸ்டோர்கீப்பர் பல்லைக் கடித்தான்.

"நடுவுல காலியா இருக்கு. காலின்னுதான் எழுதுவேன்."

அதற்குத்தான் ஸ்டோர்கீப்பர் அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

இப்போது, விழுந்து கிடந்த பையன் தரையில் உருண்டிருந்த பேனாவை எட்டி எடுத்தான். ஸ்டோர்கீப்பருக்கு வெறி தலைக்கேறியது. பெட்டிக்கு அடியில் கிடந்த மரச்சட்டத்தை உருவினான்.

"எழுதுவியா? எழுதுவியாடா நீ?"

சட்டம் பையனின் முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மறுகோடி வரை கேட்டது. அப்போதுதான் மேடம் கூச்சல் போட்டார். அதைக் கேட்டு, வாயைப் பிளந்து நின்ற சுமைதூக்கிகள் பாய்ந்து வந்தார்கள். ஆளுக்கு ஓர் உதை விட்டு ஸ்டோர்கீப்பரைக் குப்புறத் தள்ளி, முதுகில் ஏறி உட்கார்ந்து, பெட்டி கட்டும் பட்டையாலேயே கையைக் கட்டினார்கள். அவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மேடத்துக்கு அது போதாது என்றிருந்தது.

"இன்னும் நாலு சாத்து சாத்துங்க!" என்று கத்தினார். வீட்டில் கரப்பான்பூச்சியைக் கூட அடிக்காதவர் அவர்.

போலீஸ் வந்தது. "ஏன்யா, படிக்கிற பையனைப் போட்டு இந்த அடி அடிச்சிருக்கே. முன்பகை ஏதாவது உண்டா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது சார். இதுக்கு முன்னால பார்த்ததுகூட இல்ல."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, பிடரியில் ஒன்று வைத்து, ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் பையனின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். உதட்டில் தையல். குடோனிலிருந்து மறக்காமல் எடுத்து வந்த மூக்குக்கண்ணாடியை மேடமே அவனுக்கு மாட்டிவிட்டார்.

"பாரேன், ஒரு கீறல் இல்ல!" என்றவருக்குக் கண் கலங்கியது. காலையில் திட்டியது நெஞ்சை அறுத்தது. "நானா இருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு ஓடியிருப்பேன்டா. உனக்கு முழு மார்க். படிப்பு முடிஞ்சதும் நம்ம ஆபீஸ்லயே வேலை. முதலாளிகிட்ட நான் பேசுறேன்."

பையனின் கண்ணாடிக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. வலி போலிருக்கிறது என்று மேடம் அவன் தலையைத் தடவினார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "வீட்ல யாருக்காவது சொல்லிட்டீங்களா?"

"அட, ஆமாம்ல" என்று மேடம் தன் செல்போனை எடுத்தார். "அப்பா நம்பர் சொல்லுப்பா. நானே பக்குவமாப் பேசிக்கிறேன்."

பையன் தையல் போட்ட உதட்டை மெல்லப் பிரித்தான்.

"அவர் போன் இப்ப போலீஸ்கிட்ட இருக்கு மேடம்."