படம் முடியட்டும்

பாப் பாடகியின் இசைப் பயணத்தைப் பற்றிய அந்த ஆவணப்படத்துக்குக் கணவர் ஒலிப்பதிவாளர், மனைவி எடிட்டர். ஒவ்வொரு ஷாட்டிலும் அவர் கேமரா முன் வந்து ஒருமுறை கை தட்டுவார். தட்டியதும் பாடகி பேசத் தொடங்குவாள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மனைவி படத்தையும் ஒலியையும் பொருத்துவாள்.

பாதிப் பயணத்தில் மேடையோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கணவர், பிறகு எழுந்திருக்கவேயில்லை.

ஊரார் பேச்சுக்கெல்லாம் காது கொடுத்த மனுஷன் முந்தின நாள்தான் அவளுக்குப் போன் செய்திருந்தார்.

"உங்கிட்ட கொஞ்சம் பேசணும்மா."

"தலைக்கு மேல வேலை இருக்குங்க. படம் முடியட்டும், பேசலாம்."

அதன்பின் எடுத்த ஷாட்டுகளிலும் கைத்தட்டல் கேட்டது. திரையில் கைகள் இல்லை. புதிய ஒலிப்பதிவாளரிடம் விசாரித்தாள்.

"இப்பல்லாம் மெஷினே பொருத்திடுதுக்கா. நான் எதுக்குக் கை தட்டப்போறேன்?"

படம் முடிந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஆளில்லாத அறையைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, சொல்லுங்க."

அவள் முகத்துக்கு நேரே ஒரு கைத்தட்டல் விழுந்தது. அப்படி விழுந்தால் பேச வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான்; இப்போது அவள். வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை.

சற்றுப் பொறுத்து, இன்னொரு டேக் போகலாம் என்பதுபோல, மெதுவாக மறுபடியும் ஒரு கைத்தட்டல்.