ஆறு மணிச் சாரல்

என் கணவர் இஸ்திரிக் கடை வைத்திருந்தார். சமையலறை ஜன்னலில், மேகக் காட்டில் வளரும் புள்ளிபோட்ட ஆர்க்கிட் ஒன்றை வளர்த்தார். தினமும் காலை ஆறு மணிக்கு அதற்குச் சாரல். ஸ்பிரேயர் வாங்கித் தந்தேன், தொடவே இல்லை. துணிக்குச் செய்வதுபோல் வாய் நிறையக் குளிர்ந்த தண்ணீரை வைத்துக்கொண்டு, பனிபோல் 'ப்பூ' என்று ஊதுவார்.

"எச்சில் தண்ணில செடி பொழைக்குமா?" என்பேன்.

"உன் சமையல்ல நானே பொழைச்சுட்டேன்!" என்பார்.

அவர் இறந்து எட்டு மாதம். நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை. ஆனாலும் தினமும் ஆறு மணிக்கு இலைகள் நனைந்திருந்தன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம்.

நேற்று நாத்தனார் வந்தாள்.

"அண்ணி, அண்ணன் ஆசையா வளர்த்தது. தண்ணியே விடாம சாகடிச்சுடுவீங்க போல. எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்."

என்ன காரணம் சொல்லி மறுப்பது? கொடுத்துவிட்டேன்.

இன்று காலை ஆறு மணி. வெறும் ஜன்னல் நனைந்திருந்தது. அடுப்பு மேடை, கூடத்து நாற்காலி, அலமாரிக் கண்ணாடி, வாசல் கதவு, எல்லாவற்றிலும் பொடிப்பொடியாக நீர்த்துளிகள்.

நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

"செடியை உடனே கொண்டுவாடி. உங்கண்ணன் வீடு பூரா தேடிட்டிருக்கார்."