அலியா, டைசனா?

"அலியா, டைசனா? மொதல்ல அதச் சொல்லுங்க தம்பி."

கேட்டவர் வீரய்யா. விஜிதரன் கையிலிருந்த தேநீரில் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

வீரய்யாவின் மகள் சுலக்ஷனாவைப் பெண் கேட்டு, வெற்றிலைத் தட்டோடும் அம்மாவோடும் அவன் நோர்வூட்டுக்கு மேலிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தான். ஹட்டனில் மாலை நேர ஆங்கில வகுப்பில் இரண்டு வருடமாக அவளைத் தெரியும். அவள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

"குத்துச்சண்டையில அப்பாவுக்கு அலி, மாமாவுக்கு டைசன். ரெண்டு பேரும் நல்லா இருந்த வயசுல மோதியிருந்தா யாரு ஜெயிப்பான்னு கேப்பாங்க. முன்ன புரோக்கர் கூட்டிட்டு வந்தவங்கள்ல ஒருத்தர் அலின்னாரு, இன்னொருத்தர் டைசன்னாரு. ரெண்டு எடமும் அமையல."

"அப்ப நான் என்னதான் சொல்றது?"

"மனசுல உள்ளதச் சொல்லுங்க" என்று சிரித்தாள்.

மூன்று வாரம் உட்கார்ந்து, நோட்டில் கோடு கிழித்து, உயரம், எடை, கை நீளம், எத்தனையாவது ரவுண்டில் யாரை வீழ்த்தினார்கள் என்று எல்லாம் எழுதினான். கடைசிப் பக்கத்தில் 'முடிவு' என்று அடிக்கோடிட்டு ஒரு பெயரையும் எழுதினான். இன்று காலை பஸ்ஸில் அதை வெட்டிவிட்டு மற்றப் பெயரை எழுதினான். நோர்வூட்டில் இறங்கும்போது அதுவும் சரியென்று படவில்லை.

"ஒங்கண்ணனுக்கு சீனி போதுமான்னு கேளு" என்று வீரய்யா மனைவி ஜீவராணியிடம் சொன்னார். அந்த அண்ணன், சுலக்ஷனாவின் தாய்மாமன் அழகன், கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"போதும்னு சொல்லும்மா" என்றார் அழகன், சுவரைப் பார்த்து.

மச்சான்மாருக்குள் இப்படி ஒரு மரியாதை போலும் என்று விஜிதரன் நினைத்துக்கொண்டான்.

"தம்பி யோசிக்கிறாரு" என்றார் வீரய்யா. "யோசிக்க என்ன இருக்கு? அலி கிட்ட டைசன் நெருங்கவே முடியாது."

அழகன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "என்னா மச்சான் பேசுறீங்க? காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள டைசன் ஆள முடிச்சிருவான்."

"மொதல்ல எட்டணுமே! அலி அர அடி ஒசரம் கூட."

"அஞ்சு அங்குலம். கூட்டிச் சொல்லாதீங்க. ஓடி ஒளியறதுக்கு ரிங்கு என்ன, தேயில மலையா?"

"ஓட மாட்டாரு மச்சான், கயித்துல சாஞ்சுகிட்டு அடிடான்னு விடுவாரு. ஃபோர்மன் அடிச்சு அடிச்சே ஓஞ்சு போகலயா? எட்டாவது ரவுண்டுல படுத்துட்டான்ல!"

"டைசனுக்கு எதுக்கு எட்டாவது ரவுண்டு? அந்நேரம் அவன் வீட்டுக்குப் போயி குளிச்சிருப்பான்!"

இருவருடைய முழங்கால்களும் முட்டிக்கொண்டன. வீரய்யா முகத்துக்கு முன்னால் கையை உயர்த்திக் காட்டினார். அழகன் குனிந்து தோளை ஆட்டினார். அதில் ஒரு பிஸ்கட் கீழே விழுந்தது. விஜிதரனின் அம்மா வெற்றிலைத் தட்டைப் பத்திரமாக மடிக்கு இழுத்துக்கொண்டார். தாய்மாமன் கையால் அதை வாங்கினால்தான் சம்பந்தம் பேசி முடிந்ததாக அர்த்தம்.

"நீங்க சொல்லுங்க தம்பி!" என்று இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

விஜிதரன் நோட்டைத் திறந்தான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். ஜீவராணி சமையலறை வாசலில், கையில் கரண்டியோடு அசையாமல் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சுலக்ஷனாவின் முகம் தெரிந்தது. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒருவர் எழுந்து போவார். பொய் சொல்லவும் அவனுக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியலைங்க மாமா" என்றான். "மூணு வாரமா எழுதிப் பாத்தேன். ஒரு நாளைக்கு அலின்னு படுது, மறுநாள் டைசன்னு படுது. இன்னும் பத்து வருஷம் எழுதினாலும் தெரியாது போல."

அம்மா அவன் தொடையில் கிள்ளினார்.

"தெரியலயா?" என்றார் வீரய்யா.

"இவ்வளவு எழுதியுமா?" என்றார் அழகன். "இந்தப் பையன ஒக்கார வச்சு ஒழுங்காச் சொல்லிக் குடுக்கணும்."

"நான் சொல்லிக் குடுக்கிறேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வரட்டும்."

"நீங்க தனியாச் சொல்லிக் குடுத்தா பையன் கெட்டுப் போயிருவான் மச்சான். நானும் வர்றேன்."

"அண்ணே," ஜீவராணியின் குரல் வாசலிலிருந்து வந்தது. "தட்ட வாங்குங்க."

அழகன் தங்கையைப் பார்த்தார். பிறகு எழுந்து, இரண்டு கைகளாலும் தட்டை வாங்கினார்.

விஜிதரனும் சட்டென்று எழுந்தான். தேநீர் சட்டையில் சிந்திவிட்டது. கழுவிக்கொள்ளப் பின்பக்கம் போனான். முன்னறையில் மூன்றாவது ரவுண்டு தொடங்கியிருந்தது.

செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிய ஜீவராணியிடம் மெதுவாகக் கேட்டான். "பதில் தெரியாதுன்னு சொன்னதுக்கு ரெண்டு மாமாவும் கோவிச்சுக்கலயே அத்த?"

அவர் முன்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தோட்டத்துல தொழிற்சங்கம் ரெண்டாப் பிரிஞ்சப்ப ஆளுக்கொரு பக்கம் போனாங்க தம்பி. எட்டு வருஷமா அவங்க ரெண்டு பேரும் மொகம் பாத்துப் பேசிக்கிற ஒரே பேச்சு இதுதான். மொத வந்த மாப்பிள்ள போன்ல கணக்குக் காட்டி ரெண்டு பேர் வாயயும் அடச்சிட்டாரு. பேச வேற ஒண்ணும் இல்லாம, ஒரு மாசம் எங்கண்ணன் இந்த லயத்து வீட்டுப் பக்கமே வரல. அந்த ரெண்டு எடத்தயும் வேணாம்னது நான்தான். கல்யாணத்துக்கப்புறமும் ஒங்களுக்குப் பதில் தெரியாமலே இருக்கட்டும்."